மாமனாரின் ஒரே படம்

அந்தக் கேமராவைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுத்து வைத்தீர்களானால் நன்றாக இருக்கும், மேடம். நான் தொடப்போவதில்லை, கையைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். மூடிய உறைக்குள் ஈரம் தங்கும். ஈரம் தங்கினால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். அதன்பிறகு புரை விழுந்த கண் மாதிரிதான், எதைப் பார்த்தாலும் மங்கலாகத் தெரியும். சாட்சியப் பொருள் என்று சீட்டு ஒட்டியிருக்கிறீர்கள், சரி. சாட்சியையும் பத்திரமாகத்தானே வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

நான் வேலை செய்வது வாகனக் காப்பீட்டு நிறுவனத்தில். விபத்தில் அடிபட்ட கார்களின் சேதத்தை மதிப்பிடுவது என் பொறுப்பு. நசுங்கிய கதவு, உடைந்த விளக்கு, ரத்தம் துடைத்த சீட் என்று நாள் முழுவதும் படங்கள் வந்து விழுந்துகொண்டே இருக்கும். எல்லாம் கைப்பேசியில் எடுத்தவை. எடுத்தவர்களின் கை நடுங்கியிருக்கும், பாதிப் படத்தை அவர்களுடைய விரலே மறைத்திருக்கும். அவற்றை வைத்துக்கொண்டு எந்தப் பள்ளம் இந்த விபத்தில் விழுந்தது, எது பழைய பள்ளம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் அழுவார்கள், சாபம் விடுவார்கள். நான் பதற மாட்டேன். பதறாதவன் என்பதற்காகவே அந்த நாற்காலி எனக்குக் கிடைத்தது என்று எங்கள் மேலாளர் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். வேண்டுமானால் அவரை விசாரித்துப் பாருங்கள்.

இப்படிப்பட்ட படங்களோடு குப்பை கொட்டுகிறவனுக்கு வீட்டுக்கு வந்த பிறகாவது கண்ணுக்கு நல்லதாக ஏதாவது வேண்டும். அப்படித்தான் பழைய ஃபிலிம் கேமராக்களில் எனக்குப் பைத்தியம் பிடித்தது. அதிலும் லென்ஸைக் கழற்ற முடியாத ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்கள் மட்டும். உங்கள் மேசையில் இருப்பது அந்த வகைதான். கைக்குள் அடங்கும், ஆனால் தூக்கினால் கனம் தெரியும். லென்ஸ் உடம்போடு ஒட்டிப் பிறந்தது. மாற்ற முடியாது, ஜூம் கிடையாது. ஒன்று பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் நாமே எழுந்து பக்கத்தில் போக வேண்டும். வேண்டாத பொருள் ஏதாவது படத்துக்குள் வந்தால் நாமே போய் அதை நகர்த்தி வைக்க வேண்டும். சோம்பேறிகளுக்கு ஏற்றதல்ல.

பார்க்கிற ஜன்னல் தனி, படம் பிடிக்கிற லென்ஸ் தனி. ஜன்னலின் நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதற்குள் எதிரில் இருப்பவர் இரண்டு ஆளாகத் தெரிவார். லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு உருவமும் நெருங்கி வரும். ஒன்றோடொன்று பொருந்திவிட்டால் ஃபோகஸ் சரியாகிவிட்டது என்று அர்த்தம். ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் சத்தம் இருக்காது, பக்கத்தில் இருப்பவர்கூடத் திரும்ப மாட்டார். இன்னொன்றும் உண்டு. பெரிய கேமராக்களில் பட்டனை அமுக்குகிற கணத்தில் உள்ளே ஒரு கண்ணாடி எழும்பி மறைக்கும், நமக்கு எல்லாம் இருட்டிவிடும். படம் விழுகிற கணத்தை எடுத்தவனே பார்த்திருக்க மாட்டான். இதில் அந்தக் குறை கிடையாது. எல்லாமே தெரிந்துகொண்டிருக்கும்.

இதற்கென்று எங்களுக்கு ஒரு கழகம் இருக்கிறது. தலைவர் பல் மருத்துவர், அவருடைய மருத்துவமனை மாடியில்தான் கூடுவோம். கீழே பல்லை ராவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும், மேலே நாங்கள் நிழலின் மௌனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். ‘படம் எடுப்பது’ என்ற சொல்லை நாங்கள் பயன்படுத்துவதில்லை. ‘படம் செய்வது’ என்போம். டிஜிட்டல் என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் தலைவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வார். உண்மையைச் சொன்னால், கேமராக்களை மேசையில் வரிசையாக அடுக்கி, அந்த வரிசையைக் கைப்பேசியில் எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வதில்தான் எங்கள் நேரம் அதிகம் போனது. ஃபிலிமில் நான் எடுத்ததெல்லாம் செங்கல் சுவர், மாடிப்படி, லென்ஸின் கூர்மையைச் சோதிக்க ஒட்டிவைத்த செய்தித்தாள் பக்கம். சுவர் அசையாது. மனிதர்களை எடுக்க எனக்கும் ஆசைதான். ஆனால் நான் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி முடிப்பதற்குள் அவர்களுக்கு மூக்கு அரிக்கும், யாராவது கூப்பிடுவார்கள், எழுந்து போய்விடுவார்கள்.

கழகத்தின் வருடாந்திரக் கண்காட்சிக்கு ஒரு விதி உண்டு. முதல் பரிசு பெறும் படத்தோடு அதன் கான்டாக்ட் ஷீட்டையும் மாட்ட வேண்டும். முழு ரோலில் உள்ள எல்லாப் படங்களையும் எடுத்த வரிசையிலேயே சின்னச் சின்னதாக ஒரே தாளில் அச்சிடுவார்களே, அதுதான் கான்டாக்ட் ஷீட். எங்கள் உறுப்பினரான ஒரு வரி ஆலோசகர் படத்தின் ஓரங்களை வெட்டிவிட்டுப் பரிசு வாங்குகிறார் என்று எனக்குச் சந்தேகம். டிஜிட்டல் பொய் சொல்லும், ஃபிலிம் பொய் சொல்லாது, ஒளிக்க ஒன்றுமில்லாதவன் ஷீட்டை மாட்டட்டும் என்று எழுந்து நின்று பேசி அந்த விதியைக் கொண்டுவந்தவனே நான்தான். பலமாகக் கைதட்டினார்கள்.

இப்போது என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் இறந்த பிறகு தனியாகத்தான் இருந்தார். என் மனைவி அவருக்கு ஒரே பெண். அவள் பிறந்தபோது எங்கோ ஒரு பழைய சாமான் கடையில் இந்தக் கேமராவை வாங்கியிருக்கிறார். கழகத்தில் இந்த மாடலைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. அவர் அதை ஃபிரிட்ஜின் மேல், ஸ்பேனர்களோடும் வெங்காயக் கூடையோடும் வைத்திருந்தார். லென்ஸில் தூசி விழுந்தால் சட்டை நுனியால் துடைப்பார். முதல் தடவை அதைப் பார்த்தபோது கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்தை அளக்கிற ஒளிமானி எப்போதோ செத்துவிட்டது. அதைச் சொன்னேன்.

“வெயில் அடிச்சா வெயில்னு தெரியாதா மாப்பிள்ளை? அதுக்கு எதுக்கு ஒரு முள்ளு?” என்றார்.

ரேஞ்ச்ஃபைண்டரைப் பற்றி அவருடைய மொத்த அறிவும் இவ்வளவுதான்: “ரெண்டு ஆள் ஒரு ஆளா ஆகற வரைக்கும் திருப்பணும். அப்புறம் அமுக்கணும்.” இதை வைத்துக்கொண்டு பெட்டி பெட்டியாக ஆல்பம் சேர்த்திருந்தார். என் மனைவி பல் விழுந்த வாயோடு, மாமியார் ஈரத் தலையோடு, பக்கத்து வீட்டுக்காரர் ஏணியிலிருந்து இறங்கும்போது. படங்கள் மோசமில்லை. மோசமில்லை என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம். ஒருவரும் அவருக்கு முன்னால் மூக்கைச் சொறியவில்லை.

ஆனால் ஆல்பங்களில் அவர் மட்டும் இல்லை. எடுத்தவரே அவர்தானே. வேறு யாராவது கேமராவைத் தூக்கினால் உள்ளங்கையைக் காட்டி மறைத்துக்கொள்வார். “அப்பாவோட படம் ஒண்ணுகூட இல்லைங்க” என்று என் மனைவி வருத்தப்பட்டிருக்கிறாள். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இதில் என் மனைவியின் ஆசையும் கலந்திருக்கிறது.

என் அலமாரியைக் காட்ட ஒருநாள் அவரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஒவ்வொன்றாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இத்தனை கேமரா வச்சிருக்கீங்களே மாப்பிள்ளை, படம் எங்க?” என்றார். கிண்டலாகக்கூட இல்லை, நிஜமாகவே கேட்டார். செங்கல் சுவரைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “சுவர் நல்லா கட்டியிருக்காங்க” என்றார்.

எங்கள் மகளின் பிறந்தநாளன்று லென்ஸ் மூடியைக் கழற்றாமல் ஒரு முழு ரோலை எடுத்துவிட்டேன். ரேஞ்ச்ஃபைண்டரில் இது யாருக்கும் நேரக்கூடியது. ஜன்னல் தனி, லென்ஸ் தனி என்று சொன்னேன் இல்லையா, மூடி போட்டிருந்தாலும் ஜன்னலில் எல்லாம் பளிச்சென்று தெரியும். எங்கள் தலைவருக்கே நேர்ந்திருக்கிறது. மாமா அதைச் சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அதன்பிறகு என் கையில் கேமராவைக் கண்டாலே, “மூடியைக் கழட்டிட்டீங்களா மாப்பிள்ளை?” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு அவர் மேல் கோபம் இருந்ததா என்று நேற்று உங்கள் உதவியாளர் கேட்டார். இல்லை. அவரை நான் ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசியதில்லை.

அந்தக் கேமராவைக் கேட்டிருக்கிறேன், அது உண்மை. எத்தனையோ தடவை. “நான் இருக்கற வரைக்கும் என் கையில இருக்கட்டும். அப்புறம் உங்களுக்குத்தானே” என்று சொல்லிவிடுவார். இதை வைத்து நீங்கள் ஒன்று ஜோடிக்கலாம். ஜோடித்தால் அது தப்பான முடிவு. நான் அவ்வளவு அற்பனில்லை.

அன்றைக்கு விடுமுறை. அதற்கு முந்தைய வாரம் மாமாவுக்குத் தலைசுற்றல் வந்திருந்தது. ரத்த அழுத்தம் எகிறியிருக்கிறது, கொஞ்ச நாளைக்குத் தனியாக விடாதீர்கள், வாய் கோணினாலோ கை மரத்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நானும் உடன் இருந்து கேட்டேன். அதனால் நானும் மனைவியும் அவர் வீட்டுக்கே போய்த் தங்கியிருந்தோம். மகளை என் அக்கா வீட்டில் விட்டிருந்தோம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மனைவி செருப்பை மாட்டினாள்.

“அப்பாவோட மூக்குக் கண்ணாடி ரெடியாயிடுச்சாம், போய் வாங்கிட்டு வந்துடறேன். அப்பாவைக் கொஞ்சம் பாத்துக்கோங்க” என்றாள்.

“நீ போயிட்டு வா” என்றேன்.

பார்த்துக்கொண்டேன், மேடம். நான் அவரைப் பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மாமா ஜன்னலோரம் தன் பழைய பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் கம்பிகளின் நிழல் பின்னாலிருந்த புத்தக அலமாரியில் சாய்வாக விழுந்திருந்தது. அவருடைய முகத்தில் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல். அப்படியொரு வெளிச்சம் வருடத்தில் சில நாள்தான் கிடைக்கும். நான் நாற்காலியை நகர்த்திய சத்தத்திலேயே தெரிந்திருக்க வேண்டும் அவருக்கு.

“என்ன மாப்பிள்ளை, கை அரிக்குதா?” என்றார். “போய் எடுத்துட்டு வாங்க. ஒரு ரோல். ரோல் முடிஞ்சதும் என் கையில கொடுத்துடணும்.”

“உங்களையே எடுக்கட்டுமா மாமா?”

“இன்னிக்கு எனக்குக் கண்ணாடியே இல்ல, நீங்க எங்க நிக்கறீங்கன்னே தெரியல. என்னமோ பண்ணுங்க.”

ஃபிரிட்ஜின் மேலிருந்து அதை எடுத்து ஃபிலிமை மாட்டினேன். என் கைப்பேசியை அணைத்துச் சட்டைப்பையில் வைத்தேன். நடுவில் மணி அடித்தால் கை நடுங்கிவிடும். மாமா வழக்கம்போல மூடியைப் பற்றிக் கேட்டார். கழற்றிவிட்டேன் என்றேன்.

முதல் சில படங்கள் சுமார்தான். பேசிக்கொண்டே இருந்தார். ஒரு அடுக்குமாடியில் லிஃப்ட் நடுவழியில் நின்றபோது உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு வக்கீலும் எதிர்த்தரப்பு வக்கீலும் வெளியே வருவதற்குள் சமாதானமாகிவிட்ட கதையைச் சொல்லி, சொல்வதற்கு முன்னாலேயே சிரித்தார். சிரிக்கிற முகத்தில் ஆழம் இருக்காது என்பது எங்கள் கழகத்தின் கருத்து. பக்கத்துச் சின்ன மேசையில் அவருடைய கைப்பேசி சார்ஜில் கிடந்தது. அதன் வெள்ளை ஒயர் படத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. எழுந்துபோய் நகர்த்தினால் அவர் சுதாரித்துவிடுவாரோ என்று விட்டுவைத்தேன்.

பிறகு கதையின் நடுவில் நின்றுவிட்டார்.

நான் அப்போது ஃபோகஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் கட்டத்துக்குள் இரண்டு முகமும் சேராத மாதிரி இருந்தது. வலது பாதி சரியாகப் பொருந்தியது, இடது பாதி கொஞ்சம் கீழே இறங்கி நின்றது. ரேஞ்ச்ஃபைண்டர் பழுதாகிவிட்டது என்று எனக்குப் பகீரென்றது. வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தால் வேறென்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டேன். சோதித்துப் பார்க்க ஜன்னல் கம்பியின் மேல் ஃபோகஸ் வைத்தேன். கம்பி கச்சிதமாகச் சேர்ந்தது. அலமாரியின் மேல் வைத்தேன், அதுவும் சேர்ந்தது. கேமராவில் ஒரு குறையும் இல்லை. கோளாறு முகத்தில்தான் என்று தெரிந்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதைச் சொன்னால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். ஆனாலும் வாக்குமூலம் என்றால் எல்லாவற்றையும்தான் சொல்ல வேண்டும்.

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், படத்தில். சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. ஒரு பக்கம் இன்னும் கதை சொல்லிக்கொண்டிருந்தது, இன்னொரு பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அசையவில்லை. இத்தனை வருடத்தில் எனக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்த முதல் மனிதர் அவர்.

அப்போதுதான் எழுந்துபோய் மேசையிலிருந்த கைப்பேசியை ஒயரோடு எடுத்தேன். ஃபிரிட்ஜின் மேல், கேமரா இருந்த இடத்தில் வைத்தேன். தண்ணீர் டம்ளரை அப்படியே விட்டேன், அதன் மேல் வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது. திரும்பி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். மேசை இப்போது சுத்தமாக இருந்தது. ஜூம் இருந்திருந்தால் ஓரத்தை விட்டு எடுத்திருப்பேன், கைப்பேசி இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். நிலையான லென்ஸில் அந்த வசதி இல்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

மாமாவின் வலது கை மேசைப் பக்கம் போனது. அங்கே தடவியது. பிறகு என் பக்கம் நீண்டது. யாராவது கேமராவைத் தூக்கினால் உள்ளங்கையைக் காட்டுவார் என்று சொன்னேனே, அதே பழக்கம் என்று எடுத்துக்கொண்டேன். முதல் அறிக்கையில் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் உள்ளங்கை என்னைப் பார்த்து இல்லை, மேல் நோக்கி விரிந்திருந்தது என்று நீங்கள் படத்தில் சுட்டிக்காட்டினீர்கள். நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். எங்கள் கழகத்தில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

ஏன் பக்கத்தில் போகவில்லை என்று கேட்டீர்கள். இந்த லென்ஸ் மூன்றடிக்குக் குறைவான தூரத்தில் ஃபோகஸ் ஆகாது. இந்த வகைக் கேமராக்களில் பொதுவாக இருக்கிற குறைதான் இது. அவருடைய கை எட்டுகிற தூரத்துக்குள் போனால் படம் மங்கிவிடும். அதனால் அதற்குச் சற்றே வெளியில் இருந்தேன்.

வெளிச்சம் நகர்ந்துகொண்டே இருந்தது. கம்பி நிழல் அலமாரியைத் தாண்டிச் சுவருக்கு வந்தது, சுவரிலிருந்து கதவுக்கு. அதற்கேற்ப நான் லென்ஸின் துளையைத் திறந்துகொண்டே வந்தேன். கை இறங்கிவிட்டது. ரோல் முடிந்து, ஃபிலிமை நகர்த்துகிற நெம்புகோல் அசையாமல் நின்றபோது எனக்கே மனசு வரவில்லை. ஃபிலிமை நிதானமாகச் சுற்றி எடுத்தேன். வேகமாகச் சுற்றினால் கீறல் விழும். கைப்பேசியைக் கொண்டுவந்து மேசையில் பழைய இடத்திலேயே வைத்து ஒயரைச் செருகினேன். ரோல் முடிந்ததும் கொடுத்துவிட வேண்டும் என்று அவர் சொன்னபடியே கேமராவை மாமாவின் மடியில் வைத்தேன். பிறகு என் கைப்பேசியை உயிர்ப்பித்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். தெளிவாக முகவரி சொன்னேன், வழி சொன்னேன். இவ்வளவு பதறாமல் பேசுகிறவர்கள் அபூர்வம் என்று எதிர்முனையில் இருந்த பெண் பாராட்டினாள்.

மனைவி வாசலில் வண்டியைப் பார்த்து ஓடிவந்தாள். கையில் புதுக் கண்ணாடியின் டப்பா இருந்தது.

“என்னாச்சுங்க? இப்பத்தானே நல்லாப் பேசிட்டிருந்தார்?”

“பேசிக்கிட்டே இருந்தார்மா. திடீர்னு இப்படி ஆயிடுச்சு” என்றேன்.

இரண்டும் உண்மைதான். நடுவில் இருந்ததை நான் சொல்லவில்லை, அவ்வளவுதான். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் உயிர் பிரிந்தது. “இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்” என்றார் மருத்துவர். எல்லா மருத்துவர்களும் சொல்வதுதானே என்று அப்போது நினைத்தேன். துக்கத்துக்கு வந்தவர்கள் என் தோளைத் தட்டினார்கள். மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போதே போனாரே, கொடுத்துவைத்த மனுஷர் என்றார்கள். நான் மறுக்கவில்லை. துக்க வீட்டில் வாதம் செய்வது எனக்குப் பிடிக்காது.

கண்காட்சிக்கு அந்தப் படத்தைத்தான் அனுப்பினேன். மேசை சுத்தமாக, கை நீண்டிருக்கிற படம். ‘ஓய்வு’ என்று பெயர் வைத்தேன். முதல் பரிசு கிடைத்தது. மனைவியிடம் முன்கூட்டியே காட்டவில்லை, ஆச்சரியமாக இருக்கட்டும் என்று. அரங்கத்துக்குள் அழைத்துப்போய்ப் பெரிய படத்துக்கு முன்னால் நிறுத்தினேன். அவள் சத்தமில்லாமல் அழுதாள். “அப்பாவோட படம்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு என் படம் ஒன்றைப் பார்த்து அவள் அழுதது அதுதான் முதல் தடவை. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்போது தலைவர் நடுவர்களோடு வந்தார். படத்தைப் பற்றிப் பேசினார்கள். “அந்தப் பாதிப் புன்னகை, அதில் வாழ்க்கையின் இரு கரைகளும் தெரிகின்றன” என்றார் ஒரு நடுவர், கல்லூரியில் கலை விமரிசனம் கற்பிப்பவர். “அந்தக் கை எதையும் கேட்கவில்லை, எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிறது” என்றார் தலைவர். வரி ஆலோசகர்கூட வந்து கை குலுக்கினார், பொறாமையோடு. என் மனைவி அவர்கள் பேசுவதைக் கேட்டபடி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கிட்டே போனாள்.

“எங்கப்பா இப்படிச் சிரிக்க மாட்டார்” என்றாள்.

நடுவர் கனிவாகப் புன்னகைத்தார். “கலைஞனின் கண்ணுக்குத்தான் அது தெரியும்மா” என்றார்.

பக்கத்தில் விதிப்படி கான்டாக்ட் ஷீட் மாட்டியிருந்தது, பார்ப்பதற்கு நூலில் கட்டிய ஒரு பூதக்கண்ணாடியோடு. அன்று காலையிலிருந்து எத்தனையோ பேர் அதை எடுத்து ஒவ்வொரு படமாகப் பார்த்து, ஓரம் வெட்டவில்லை, நேர்மையான வேலை என்று தலையாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மனைவி அதை எடுத்தாள். முதல் வரிசையிலிருந்து விரல் வைத்துப் படிக்கிற மாதிரி பார்த்துக்கொண்டே வந்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது. ஒன்று பின்னால் போனது. மறுபடி முன்னால் வந்தது.

“இதுல போன் இருக்கு” என்றாள். “வாய் கோணியிருக்கு, போன் இருக்கு. அடுத்ததுல போன் எங்க?”

“ஒயர் குறுக்க வந்துச்சும்மா” என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி வரிசைக்குப் போனாள். அந்த வீட்டில் வளர்ந்தவள். சின்ன வயதில், கம்பி நிழல் அலமாரியிலிருந்து கதவுக்குப் போகிறவரை எழுந்திருக்காமல் வீட்டுப்பாடம் எழுத வேண்டும் என்பது மாமியாரின் சட்டமாம். அது எவ்வளவு நேரம் என்று அவளுக்குக் கடிகாரம் பார்க்காமல் தெரியும். எனக்கு அந்த விவரம் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஷீட்டை மாட்டாமல் இருந்திருக்க முடியாது, விதி விதிதான்.

“கதவு வரைக்குமா?” என்றாள். “நிழல் கதவுக்கு வர்ற வரைக்கும் உக்காந்து எடுத்துட்டு இருந்தீங்களா?”

குரலை உயர்த்தவில்லை. பூதக்கண்ணாடியைப் பத்திரமாகத் தொங்கவிட்டாள். நேராக வெளியே போனாள். உங்களிடம்தான் வந்திருக்கிறாள் என்பது நீங்கள் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அரங்கத்தில் இருந்தவர்கள் துக்கம் தாங்காமல் போகிறாள் என்று வழிவிட்டார்கள். பரிசளிப்பு மேடையில் நான் ஏறியபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

கழகம் அடுத்த நாளே அவசரக் கூட்டம் போட்டுப் பேசியதாகக் கேள்விப்பட்டேன். பரிசைத் திரும்பப் பெற வேண்டுமென்று ஒரு சிலர் சொன்னார்களாம். பெருவாரியானவர்கள் படத்தையும் எடுத்தவனையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார்களாம். ஓரம் வெட்டப்படவில்லை என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தலைவர் எனக்கு ஆதரவாகப் பேசியிருக்கிறார். பற்களைப் பிடுங்குகிறவர், மனம் உறுதியானவர்.

என் தொழிலில் ஒவ்வொரு கோப்பின் கடைசியிலும் ஒரு வரி எழுத வேண்டும்: சேதம் தவிர்த்திருக்கக்கூடியதா, இல்லையா. இந்தக் கோப்பு என் மேசைக்கு வந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடியது என்றுதான் எழுதியிருப்பேன். முகம் மாறிய உடனே கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார். முகம் மாறியதைப் பார்த்தேன். மருத்துவர் சொன்னது நினைவுக்கு வந்தது. கைப்பேசியை எடுத்து எட்டாத இடத்தில் வைத்தேன். ரோல் முடிகிறவரை உட்கார்ந்திருந்தேன். இவை அனைத்தையும் எந்த வற்புறுத்தலும் இல்லாமல் ஒப்புக்கொள்கிறேன். எந்தச் சட்டப் பிரிவில் வரும் என்பது உங்கள் வேலை.

மிச்சம் ஒரு கேள்விதான். அவர் ஏதாவது பேசினாரா என்று கேட்டீர்கள். வாய் குழறியது, ஒன்றும் புரியவில்லை என்று முதலில் சொல்லியிருந்தேன். குழறியது உண்மை. புரியவில்லை என்பது உண்மையில்லை. “போனைக் குடுங்க மாப்பிள்ளை” என்றார். இரண்டு தடவை சொன்னார்.

நான் கேமராவின் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஒரு நிமிஷம் மாமா. அப்படியே இருங்க, அசையாதீங்க” என்றேன்.

அவர் அப்படியே இருந்தார், மேடம். கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சை மதித்து அவர் கேட்டது அந்த ஒரு தடவைதான்.